இறக்கிக் கட்டிய டிராக்டர் எஞ்சின் மீண்டும் பழுதாவது ஏன்?
காரணம் கண்டறிந்து சரிசெய்யும் முறை

உடுமலைப்பேட்டை, குடிமங்கலம், மடத்துக்குளம் வட்டாரங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிராக்டர்கள் இன்றும் உழவு வேலையில் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் டிராக்டர்கள் இவற்றில் முக்கியமானவை. மாசி பெர்குசன் 1035 டிராக்டரில் இருப்பது சென்னை சிம்சன் நிறுவனத்தின் 3 சிலிண்டர் டீசல் எஞ்சின். இந்த எஞ்சின் வகையின் மூலம் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனமாகும். இத்தகைய எஞ்சின்களில் லைனர், பிஸ்டன், பேரிங் ஆகியவற்றைக் கழற்றி மாற்ற முடியும். கிராங்க் தண்டைச் சில தடவை அரைத்துப் பயன்படுத்த முடியும். எனவே தேய்ந்துபோன எஞ்சினை இறக்கிக் கட்டினால் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால் இறக்கிக் கட்டிய எஞ்சின் 30 அல்லது 40 மணி நேரம் ஓடியதும் மறுபடியும் தட்டும் சத்தம் கேட்பதும், ஆயில் பிரஷர் இறங்குவதும், பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் பல விவசாயிகள் படும் தொல்லையாகும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணையிலிருந்து 4 மண்டலங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. தம் மண்டலத்திற்குத் தண்ணீர் திறக்கும் நேரத்தில் டிராக்டர் பட்டறையில் நின்றால், கைப்பணம் போவதோடு பருவமும் போய்விடும்.

இவ்வாறு இரண்டாம் முறை பழுதானதும் "ராசியில்லாத எஞ்சின்" என்று சொல்லி, கெட்ட பேரிங்கை மட்டும் மாற்றி மூடிவிடுவது வழக்கமாக இருக்கிறது. இது தவறு. கெட்ட உறுப்பை மாற்றினால் மட்டும் போதாது; அது கெட்டதற்கான காரணத்தையும் நீக்க வேண்டும். காரணம் உள்ளேயே இருந்தால் புது பேரிங்கும் அதே வழியில் போகும். கெட்ட உறுப்பின் மேல் உள்ள தடயங்களைப் படித்தால் காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சத்தம் கேட்டதும் முதல் வேலை

ஆயில் பிரஷர் முள் இறங்கினாலும், புதிதாகத் தட்டும் சத்தம் கேட்டாலும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். "இந்த ஒரு சாலை உழுதுவிட்டு நிறுத்தலாம்" என்று ஓட்டினால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க், கனெக்டிங் ராட், பிளாக் வரை போகும். எஞ்சின் சூட்டில் பிடித்து நின்றுவிட்டால் உடனே ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது, ஹெட் வெடிக்கக்கூடும். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

பிறகு சில விவரங்களை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். கட்டிய பிறகு எத்தனை மணி நேரம் ஓடியது? அப்போது கலப்பையா, ரோட்டவேட்டரா, டிரெய்லரா? சூடு முள், ஆயில் பிரஷர் முள் எங்கே நின்றன? புகை என்ன நிறம்? இவை மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயங்கள்.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. ஆயில் குச்சி: ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்குகிறது. ஊற்றிய அளவுக்கு மேல் ஏறி, நீர்த்து, டீசல் மணம் வீசினால் டீசல் கலக்கிறது. டீசல் ஏற்றும் சிறு பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம்; இன்ஜெக்ஷன் பம்பின் சீல் போயிருக்கலாம்; நாசில் ஒழுகலாம். டீசல் கலந்த ஆயிலுக்குப் பேரிங்கைத் தாங்கும் சக்தி கிடையாது.

2. ரேடியேட்டர்: ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நீரின் மேல் ஆயில் மிதக்கிறதா, நீர் குறைந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

3. வடித்த ஆயில்: சுத்தமான தட்டில் வடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கும் துகளைக் காந்தத்தால் தொட்டுப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்பு, ரிங், லைனர், கிராங்க், பல்சக்கரம் ஆகியவற்றிலிருந்து வந்திருக்கும். ஒட்டாமல் பளபளத்தால் பேரிங் உலோகம் அல்லது பிஸ்டன் அலுமினியம்.

4. ஆயில் ஃபில்டர்: இதை எறிந்துவிடாமல் அறுத்துத் திறந்து, மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் சுற்றிய அழுக்கு முழுவதும் அங்கே இருக்கும்.

சத்தத்தைப் பிரித்தறிதல்

ஆயிலில் உலோகத் துகளும் இல்லை, ஆயில் பிரஷரும் சரியாக இருக்கிறது என்றால் மட்டுமே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சத்தத்தைச் சோதிக்கலாம். ஒவ்வொரு சிலிண்டராக நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டரின் வேலை நின்றுவிடும். ஒன்றைத் தளர்த்தும்போது தட்டும் சத்தம் நன்கு குறைந்தால், பழுது அந்தச் சிலிண்டரில் உள்ளது.

இதை அனுபவமுள்ள மெக்கானிக்தான் செய்ய வேண்டும். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். நட்டின் மேல் துணியைப் போர்த்த வேண்டும். கையை அருகில் வைக்கக் கூடாது. டீசல் தோலுக்குள் இறங்கிவிட்டால், காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குளிர்ந்திருக்கும்போது அதிகமாகவும் சூடேறியதும் குறைவாகவும் கேட்டால் அது பிஸ்டன் ஆட்டம். பாரம் ஏறும்போது "டக், டக்" என்று தெளிவாக வந்தால் கனெக்டிங் ராட் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அடியிலிருந்து கனமாக, அதிர்வோடு வந்தால் மெயின் பேரிங். கூர்மையான தட்டலோடு கரும்புகையும் வந்தால் நாசிலாக இருக்கலாம். அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், சத்தமும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல், நாசில் சத்தத்துக்காகச் சம்ப்பைக் கழற்றி எஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு.

பேரிங் காட்டும் தடயங்கள்

பிரிக்கும்போது ஒவ்வொரு பேரிங்கும் எந்தச் சிலிண்டரில், மேல்பாதியா கீழ்பாதியா என்று குறித்து, துடைக்காமல் வரிசையாக ஒரு பலகையில் வைக்க வேண்டும். ஒரே சட்டியில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிவிட்டால் தடயங்கள் எல்லாம் போய்விடும்.

டீசல் எஞ்சின் பேரிங்குகள் பெரும்பாலும் மூன்று அடுக்கு கொண்டவை. வெளியே எஃகு, நடுவில் செம்பு கலந்த உலோகம், உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய மென்பூச்சு. இதை மனதில் கொண்டு பார்க்க வேண்டும்.

* சுற்றும் திசையில் கோடு கோடாகக் கீறலும், பதிந்த துகள்களும் இருந்தால்: ஆயிலில் மண் அல்லது அரைத்த தூள்.
* பூச்சு வழித்தெடுத்ததுபோல் போய், செம்பு தெரிந்து, கருநீலமாக வெந்திருந்தால்: ஆயில் போதவில்லை.
* ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால்: ராட் வளைந்திருக்கிறது அல்லது கிராங்க் பின் சரிவாக அரைக்கப்பட்டிருக்கிறது.
* முதுகில் ஒரு பளபளப்புப் புள்ளியும் அதற்கு நேர் உள்பக்கத்தில் தேய்மானமும் இருந்தால்: பொருத்தும்போது பின்னால் தூசி மாட்டிக்கொண்டது.
* பேரிங் இடத்தைவிட்டுச் சுற்றி, ஆயில் துளை அடைபட்டிருந்தால்: போல்ட் போதிய அளவு இறுகவில்லை, அல்லது கேப்பை அரத்தால் ராவியிருக்கிறார்கள், அல்லது ஆயிலின்றிப் பிடித்துக்கொண்டது.

தேய்ந்த பேரிங்குக்குப் பின்னால் தகடு அல்லது காகிதம் வைத்து இறுக்குவதும், கேப்பை ராவி இறுக்குவதும் சில இடங்களில் இன்றும் உள்ள வழக்கம். சத்தம் சில நாட்களுக்கு அடங்கும். ஆனால் பேரிங் வட்டம் கெட்டு, சூடு கடத்த முடியாமல், சுற்றிக்கொள்வதில்தான் இது முடியும்.

பிஸ்டனும் லைனரும்

பிஸ்டனைச் சுற்றிலும் உரசல் இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது அல்லது பிஸ்டனுக்கு இடைவெளி போதவில்லை. பிஸ்டன் பின்னுக்கு அருகில் மட்டும் உரசியிருந்தால் பின் இறுக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளது. ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் உரசியிருந்தால் ராட் வளைந்திருக்கிறது. பிஸ்டன் தலை உருகிக் குழி விழுந்திருந்தால் நாசில் ஒழுகலையும் பம்பின் டைமிங்கையும் பார்க்க வேண்டும். பிஸ்டனை மட்டும் மாற்றிப் பயனில்லை. லைனரில் பின் முனைக்கு நேராக ஆழமான பள்ளம் இருந்தால், பின்னைத் தாங்கும் லாக் வளையம் காடியில் சரியாக உட்காராமல் வெளியே வந்திருக்கிறது.

சூடேறியதற்கும் காரணம் தேட வேண்டும். இந்த வட்டாரத்தில் இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது தென்னை நார்த் தூசி. நார்த் தொழிற்சாலைகளுக்கு மட்டை ஏற்றும் டிராக்டர்களின் ரேடியேட்டரில் இது கம்பளிபோல் படிந்துவிடும். வாரம் ஒருமுறை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டாவது சப்பைத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரைத் தொடர்ந்து ஊற்றினால் லைனரைச் சுற்றிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் உப்புக்கட்டி படியும். புது லைனர், புது பிஸ்டன் போட்டாலும் சூடு இறங்க வழியில்லாமல் பிடித்துக்கொள்ளும். மழைநீர் அல்லது நல்ல தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவது நல்லது.

தலைமுடியைவிடச் சிறிய இடைவெளி

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் 'தௌ' என்பார்கள். 10 தௌ சுமார் கால் மில்லிமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 3 தௌ. கிராங்க் பின்னுக்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி, பொதுவாகப் பின்னின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 1 தௌ. 2¼ அங்குல விட்டமுள்ள பின்னுக்கு 2 முதல் 2½ தௌ வரை என்று கொள்ளலாம். சரியான அளவைக் கையேட்டில் பார்க்க வேண்டும். அதாவது ஒரு தலைமுடி நுழையும் இடம்கூட இல்லை. இந்த இடைவெளியில் ஆயில் படலம் இருந்து உலோகமும் உலோகமும் தொடாமல் காக்கிறது. அங்கே ஒரு மண்துகள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளே ஊகித்துக்கொள்ளலாம்.

கிராங்கை 10, 20, 30 தௌ என்று படிப்படியாக அரைப்பார்கள். 20 தௌ அரைத்த கிராங்குக்கு 20 தௌ பேரிங்தான் போட வேண்டும். பெட்டியின் மேல் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், பேரிங்கின் முதுகில் அடித்துள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். 20 தௌ அரைத்த கிராங்கில் 10 தௌ பேரிங் போய்விட்டால், இடைவெளி இருக்க வேண்டியதைவிட 10 தௌ அதிகமாகி, முதல் நாளிலேயே பிரஷர் விழும், சத்தம் வரும்.

ரிங் இடைவெளியும் முக்கியம். ரிங்கை லைனருக்குள் தனியாக விட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வாயை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். லைனர் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 3 முதல் 4 தௌ வரை என்பது பொதுக் கணக்கு. 3.6 அங்குல லைனருக்கு 11 முதல் 14 தௌ. வாய் குறுகியிருந்தால், சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டி, லைனரைக் கீறும் அல்லது உடையும்.

ஓர் உதாரணம்

இறக்கிக் கட்டி 40 மணி நேரமான ஒரு 3 சிலிண்டர் டிராக்டர், உழும்போது மூன்றாம் சிலிண்டரில் தட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்ப்பைக் கழற்றினால் மூன்றாம் ராட் பேரிங்கில் செம்பு தெரிகிறது. அதை மட்டும் மாற்றி மூடிவிட்டால் செலவு குறைவு. மறுநாளே உழவுக்குப் போகலாம்.

ஆனால் மற்ற இரு பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தால் அவற்றிலும் கீறல்கள் இருக்கின்றன. அப்படியானால் பழுது மூன்றாம் சிலிண்டரில் மட்டும் இல்லை. ஆயில் முழுவதிலும் அழுக்கு சுற்றியிருக்கிறது. மூன்றாவது முதலில் விழுந்திருக்கிறது. மற்ற இரண்டும் பின்னால் விழக் காத்திருக்கின்றன.

அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு மேல் ரிங்கையும் லைனரின் மேல்பகுதியையும் பார்க்க வேண்டும். 40 மணி நேரத்திலேயே அவை தேய்ந்து மங்கியிருந்தால், தூசி காற்று வழியாக உள்ளே போயிருக்கிறது. ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் வெடிப்போ, கிளிப் தளர்வோ இருக்கும். ரிங்கும் லைனரும் நன்றாக இருந்து பேரிங்குகளில் மட்டும் கீறல் இருந்தால், அழுக்கு முன்பே ஆயில் வழியில் இருந்திருக்கிறது. கிராங்க் அரைத்தபோது எண்ணெய்த் துளைகளில் தங்கிய அரைதூள் சுத்தம் செய்யப்படவில்லை என்று கொள்ளலாம். முதல் காரணத்துக்கு ஒரு ரப்பர் குழாயை மாற்ற வேண்டும்; கூடவே புது ரிங்கும், லைனர் தேய்மான அளவை மீறியிருந்தால் புது லைனரும் தேவைப்படும். இரண்டாவதற்குக் கிராங்கை மறுபடியும் இறக்கிக் கழுவ வேண்டும். சத்தம் ஒன்றே, சிகிச்சை வேறு வேறு.

மறுபடியும் கட்டும்போது

1. பேரிங் பிடித்த கிராங்கில் வெடிப்பும் வளைவும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பின்னையும் மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், இரண்டு திசைகளில் அளந்தால் நீள்வட்டமும் சரிவும் தெரியும். ராட்களின் நேர்த்தன்மையையும் சோதிக்க வேண்டும்.

2. அரைத்த கிராங்கில் பின் முடியும் மூலை வளைவாக இருக்க வேண்டும். கூரான மூலையாக அரைத்துவிட்டால் அங்கேதான் கிராங்க் முறியும்.

3. கிராங்கிலும் பிளாக்கிலும் உள்ள எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவிக் காற்றடிக்க வேண்டும். வெறும் காற்று மட்டும் போதாது.

4. போர் செய்து ஹோன் பிடித்த லைனரை மண்ணெண்ணெயால் மட்டும் கழுவக் கூடாது. சுடுநீரும் சோப்பும் கொண்டு பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும்வரை கழுவ வேண்டும். உலர்ந்ததும் உடனே ஆயில் தடவாவிட்டால் துரு ஏறும்.

5. ஈர லைனர் உள்ள எஞ்சினில், லைனர் விளிம்பு பிளாக் மட்டத்திலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்து அளக்க வேண்டும். தாழ்ந்தால் ஹெட் கேஸ்கட் தாங்காது.

6. ஆயில் பம்பின் தேய்மானம், பிரஷர் வால்வு, சம்ப்பில் உள்ள சல்லடை மூன்றையும் பார்க்க வேண்டும். கேஸ்கட் பசையை அப்பினால், பிதுங்கிய பசை உதிர்ந்து சல்லடையை அடைக்கும்.

7. போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டு அளவில் இறுக்க வேண்டும். கை பழக்கத்தால் அல்ல.

8. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இப்பகுதிக்கே உரியது. அந்தக் காற்றில் திறந்த கொட்டகையில் எஞ்சின் கட்டுவது, மண்ணையும் சேர்த்துக் கட்டுவதாகும். மூடிய அறை வேண்டும். கழுவிய உறுப்புகளைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டும் முதல் 50 மணி நேரமும்

பொருத்தும்போதே பேரிங்குகளுக்கு ஆயில் தடவ வேண்டும். ஃபில்டரை ஆயிலால் நிரப்ப வேண்டும். டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, இடைவெளி விட்டு விட்டுச் செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். உலர்ந்த பேரிங்கில் ஓடும் முதல் ஒரு நிமிடமே புது எஞ்சினைக் கெடுக்கப் போதுமானது.

ஓடத் தொடங்கியதும் பிரஷர், கசிவு, சூடு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பிறகு கையேட்டில் சொன்னபடி ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கி, வால்வு இடைவெளி வைக்க வேண்டும். மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடுவது நல்லது என்ற எண்ணம் தவறு. பாரம் இல்லாமல் நெடுநேரம் ஓடினால் லைனர் வழவழப்பாகி, ரிங் படியாமல், ஆயில் குடிக்கும். முதல் 50 மணி நேரத்துக்கு மிதமான பாரமே ஏற்றது. இலேசான மண்ணில் கொத்துக் கலப்பை ஓட்டலாம். கரிசலில் ஆழ உழவு, ரோட்டவேட்டர், நிறைபாரம் ஏற்றிய டிரெய்லர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 50 மணி நேரம் ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் கேட்டுப் பெற வேண்டியவை

கிராங்க் எத்தனை தௌ அரைக்கப்பட்டது, பேரிங், பிஸ்டன், ரிங் அளவுகள் என்ன, இடைவெளிகள் எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்புகளைத் திருப்பிக் கேட்டுப் பெற வேண்டும். உறுப்புகளை ரசீதோடு வாங்கினால்தான் போலியாக இருந்தால் கேட்க முடியும். மூடுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. நல்ல மெக்கானிக் இதைத் தவறாக நினைக்க மாட்டார். அளந்து கட்டியவருக்கு அளவைச் சொல்வதில் தயக்கம் இராது.

எஞ்சின் வேலையை, தம் மண்டலத்துக்குத் தண்ணீர் வராத காலத்தில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. இடையில் உழவு நின்றுபோகும் நிலை வந்தால், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டரைப் பயன்படுத்திக்கொண்டு, பட்டறைக்குத் தேவையான நாட்களைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் மூடிய எஞ்சின் பெரும்பாலும் அவசரத்திலேயே மறுபடியும் திறக்கப்படும். காரணம் தெரியும்வரை எஞ்சினை மூட வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தால், பழைய டிராக்டரும் பல பருவங்களுக்கு நம்பி உழைக்கும்.